தேரிக்காட்டுத் தூசிக்கு எந்த ஏர் ஃபில்டர்?

புதிதாக ஜீப் வகை வண்டி வாங்கியவர்கள் என்னிடம் முதலில் டயரைப் பற்றிக் கேட்பார்கள். அடுத்து வருவது பெரும்பாலும் இந்தக் கேள்விதான்: "கம்பெனி ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, கழுவிக் கழுவி மாட்டும் பருத்தி ஃபில்டரைப் போட்டுவிடலாமா? இழுவை கூடுமாமே?"

திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடைப்பட்ட செம்மண்ணில் பல ஆண்டுகளாக 2.5 லிட்டர் டீசல் மஹிந்திரா தார் ஜீப் ஓட்டுகிறவன் நான். எங்கள் தோட்டத்துக்குப் போகும் வழியே பாதி தேரி மண்தான், அதாவது சிவப்பு மணல் மேடுகள். தூசியில் ஓடும் வண்டிக்குக் கம்பெனி தரத்துக் காகித ஃபில்டரை மாட்டுங்கள். அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கையில் மிச்சப் பணம் இருந்தால் ஃபில்டருக்கு முன்னால் வரும் பாகங்களில் செலவழியுங்கள். இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் நல்ல இஞ்சின்கள் பல இந்த ஒரு விஷயத்தால் பாதி ஆயுளிலேயே பிரிக்கப்பட்டு, தேய்ந்த சிலிண்டர் குடைந்து 'போர்' செய்யப்படுகின்றன.

முதலில் மண்ணைப் பற்றி. குதிரைமொழித் தேரியும் சாத்தான்குளம், இட்டமொழித் தேரிகளும் பாலைவனம் போலத் தெரிந்தாலும் கடலிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் மேல்காற்று, மேட்டையே இடம் மாற்றிவிடும். மணல் சிவப்பாக இருப்பதற்குக் காரணம் குவார்ட்ஸ் மணிகளின் மேல் படிந்திருக்கும் இரும்பு ஆக்சைடு. அதோடு கார்னெட், இல்மனைட் போன்ற கனிமங்களும் கலந்திருக்கின்றன. குவார்ட்ஸின் கடினத்தன்மை மோஸ் அளவுகோலில் 7. இஞ்சினுக்குள் பிஸ்டன் உரசி ஓடும் உட்சுவரான வார்ப்பிரும்பு லைனர் அதைவிட மென்மையானது. அதாவது எங்கள் ஊர்த் தூசி உள்ளே போனால் உப்புத்தாள் வைத்துத் தேய்க்கும் வேலையைத்தான் செய்யும். (தேரியின் பெரும்பகுதி காப்புக்காடு. அங்கே வண்டி இறக்கக் கூடாது. நான் சொல்வதெல்லாம் பட்டா நிலங்களும் ஊர்ப் பாதைகளும்தான்.)

ஆனால் கண்ணுக்குத் தெரியும் மணல் மணி இஞ்சினுக்குப் பெரிய எதிரி இல்லை. அது கனமானது. பெரும்பாலும் ஃபில்டர் பெட்டியின் அடியிலேயே விழுந்துவிடும், மீதியை எந்த ஃபில்டரும் பிடித்துவிடும். டிராக்டரும் டிப்பரும் ஓடி ஓடி அரைத்த மண்பாதையில், கால் வைத்தால் கணுக்கால் வரை புதையும் அந்தச் சிவப்புப் பொடிதான் ஆபத்து. 5 முதல் 20 மைக்ரான் வரையுள்ள தூசியே மிகுந்த தேய்மானம் தருவது என்பது இஞ்சின் துறையில் நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் அளவு புரியும். பிஸ்டன் ரிங்குக்கும் லைனருக்கும் நடுவில் இருக்கும் ஆயில் படலத்தின் தடிமனும் இந்த அளவுகளை ஒட்டியே வருவதால், அந்தத் துகள்கள் இடுக்கில் சிக்கி இரண்டு பக்கத்தையும் அரைக்கின்றன.

எவ்வளவு தூசி போகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2.5 லிட்டர் இஞ்சின் 2500 சுற்றில் ஓடினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3000 லிட்டர் காற்றை இழுக்கும். காற்றை அழுத்தித் தரும் டர்போ வேலை செய்யும்போது இன்னும் கூடும். மணிக்கு 180 கனமீட்டர் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். முன்னால் போகும் வண்டி கண்ணுக்கே தெரியாத அளவு தூசியில், ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 0.9 கிராம் தூசி இருக்கும் என்பது ஃபில்டர் சோதனைத் துறையினர் வைத்திருக்கும் கணக்கு. அப்படியானால் ஒரு மணி நேரத்தில் 160 கிராம் தூசி ஃபில்டரின் வாசலுக்கு வருகிறது. 99.5 சதவீதம் பிடிக்கும் ஃபில்டர் அதில் 0.8 கிராமை உள்ளே விடும். 98.5 சதவீதம் பிடிக்கும் ஃபில்டர் 2.4 கிராமை விடும். அட்டையில் பார்த்தால் ஒரே ஒரு சதவீத வித்தியாசம். இஞ்சினுக்குள் மூன்று மடங்கு மண். ஃபில்டர் அட்டைகளில் 'காற்றோட்டம் இத்தனை சதவீதம் அதிகம்' என்று கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள், ஃபில்டர்களைச் சோதிப்பதற்கான சர்வதேச முறையான ஐ.எஸ்.ஓ. 5011-இன்படி நுண்தூசியில் எத்தனை சதவீதம் பிடிக்கிறது என்று போட்டிருக்கிறார்களா என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன்.

இதை நானே கண்ணால் பார்க்க விரும்பினேன். என் நண்பர் தம் வண்டியில் எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் போட்டிருந்தார். இருவர் வண்டியும் ஒரே மாடல். எங்கள் மெக்கானிக் அண்ணாச்சி ஒரு யோசனை சொன்னார். ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள ரப்பர் ஹோஸைக் கழற்றி, உட்புறத்தைத் துணியால் சுத்தமாகத் துடைத்து, ஒரு விரல் அகலத்துக்கு மிக மெல்லிதாக வெள்ளை கிரீஸ் தடவினோம். பிறகு கச்சான் என்னும் மேல்காற்று வீசும் ஒரு நாளில், என் வண்டியிலேயே முதலில் காகித ஃபில்டரைப் போட்டுப் பொடிப் பாதையில் ஒரு சுற்று, கிரீஸைத் துடைத்துப் புதிதாகத் தடவிவிட்டு, நண்பரின் பருத்தி ஃபில்டரைப் போட்டு அதே பாதையில் இன்னொரு சுற்று.

காகிதத்தில் ஓடிய பிறகு ஹோஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், கிரீஸ் பட்டை ஏறக்குறைய தடவியபடியே இருந்தது. மிக உற்றுப் பார்த்தால் சில புள்ளிகள். பருத்தியில் ஓடிய பிறகு பட்டையின் மேல் ஓரம் முழுவதும் இளஞ்சிவப்பு. விரல் நுனியில் எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் நறநறவென்றது. நண்பர் அந்தக் கிரீஸை மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, நேராகக் கடைக்குப் போய்க் காகித ஃபில்டர் வாங்கிவந்தார். அந்தப் பருத்தி ஃபில்டர் புதிதாக எண்ணெய் தடவி, முறைப்படி மாட்டியதுதான். எங்கள் பக்கத்தில் பதநீர் வடிகட்டப் பயன்படுத்தும் பன்னாடை, தேனீயையும் எறும்பையும் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் கீழே விட்டுவிடும். பருத்தி வலை நுண்தூசியிடம் நடந்துகொள்வதும் அப்படித்தான்.

எல்லாப் பருத்தி ஃபில்டரும் ஒரே தரம் என்று நான் சொல்லவில்லை. அந்த வகை பந்தய உலகில் வளர்ந்தது. அங்கே குறைந்த எடை வேண்டும், அதிகக் காற்று வேண்டும், இஞ்சினை அடிக்கடி பிரித்துப் புதுப்பிப்பார்கள். நமக்கோ இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் இஞ்சின் திறக்காமல் ஓட வேண்டும். தேவை வேறு.

இழுவை கூடும் என்ற பேச்சுக்கு வருகிறேன். இதையும் அளந்து பார்க்க முடியும், செலவு ஐம்பது ரூபாய்க்குள். ஒரு மீட்டர் உயரமுள்ள பலகையில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை 'ப' வடிவத்தில் வளைத்துக் கட்டி, பாதி உயரத்துக்கு மை கலந்த தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு முனை வெளிக்காற்றில். மறுமுனை ஃபில்டரைத் தாண்டிய சுத்தக் காற்றுப் பக்கத்தில். பல ஃபில்டர் பெட்டிகளில் இதற்கென்றே ஒரு சிறு துளை மூடியோடு இருக்கும். பக்கத்து இருக்கையில் ஒருவர் பலகையைப் பிடித்துக்கொள்ள, மேட்டில் முழு ஆக்சிலேட்டர் கொடுத்து ஏறினால், இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசமே ஃபில்டர் ஏற்படுத்தும் தடை. குழாய் உயரமாக இருக்க வேண்டியது முக்கியம், இல்லாவிட்டால் இஞ்சின் தண்ணீரைக் குடித்துவிடும். முடிந்ததும் துளையை இறுக மூட வேண்டியது அதைவிட முக்கியம்.

எங்கள் வண்டியில் புதுக் காகித ஃபில்டருக்கும் பருத்தி ஃபில்டருக்கும் இருந்த வித்தியாசம் ஓர் அங்குலத்தை ஒட்டியே வந்தது. வளிமண்டல அழுத்தத்தை இதே தண்ணீர்க் கணக்கில் சொன்னால் சுமார் 407 அங்குலம். அதில் ஓர் அங்குலம் என்பது கால் சதவீதம். டர்போ உள்ள டீசல் இஞ்சினில் அந்தக் கால் சதவீதத்தை எந்த ஓட்டுநரின் காலும் உணராது. பருத்தி மாட்டிய பிறகு கேட்கும் உறிஞ்சல் சத்தம் பெரிதாக இருப்பதால்தான் வேகம் கூடியதாகத் தோன்றுகிறது என்பது என் எண்ணம். எரிபொருள் மிச்சம் என்ற வாதமும் நிற்காது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இன்றைய பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார்களில் அடைபட்ட ஃபில்டர்கூட மைலேஜைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை, வேகம் பிடிக்கும் திறனைத்தான் குறைத்தது என்று கண்டார்கள். அடைபட்டதே மைலேஜைக் கெடுக்கவில்லை என்றால், சுத்தமான காகிதத்தைவிடச் சற்று லேசான பருத்தி என்ன மிச்சம் செய்துவிடும்?

இன்னொரு சிக்கலும் உண்டு. இப்போதைய வண்டிகளில் காற்றின் அளவை அளக்கும் எம்.ஏ.எஃப். சென்சார் ஃபில்டருக்கு அடுத்தே இருக்கிறது. பருத்தி ஃபில்டரைக் கழுவிய பின் எண்ணெய் கொஞ்சம் அதிகமாகத் தடவினால், அது சென்சாரில் போய்ப் படியும். குறைவாகத் தடவினால் தூசி கடக்கும். சரியான அளவு என்ன என்பதைப் பட்டறைப் பையன் ஒவ்வொரு முறையும் கைக்கணக்கில் தீர்மானிக்க வேண்டும் என்றால், அந்த ஏற்பாட்டை நான் நம்ப மாட்டேன்.

ஆனால் காகித ஃபில்டர் மாட்டிவிட்டால் மட்டும் இஞ்சின் காப்பாற்றப்பட்டுவிடாது. அண்ணாச்சி பட்டறைக்கு ஆயில் குடிக்கும் வண்டி ஒன்று வந்தது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வந்தது. ஃபில்டரோ புதிது, கம்பெனியுடையது, வெளிப்புறம் முழுக்கச் செம்மண் பிடித்து நன்றாகவே வேலை செய்திருந்தது. அண்ணாச்சி அதைத் திருப்பி, ரப்பர் விளிம்பைக் காட்டினார். வட்டம் முழுவதும் பெட்டியில் அழுந்திய தடம் இருந்தது, ஓரிடத்தில் மட்டும் தடம் இல்லை. அந்த இடத்திலிருந்து உட்பக்கம் நோக்கி விரல் அகலத்தில் ஒரு சிவப்புக் கோடு. பெட்டியின் கிளிப் ஒன்று உடைந்து, அந்தப் பக்கம் மூடி எழும்பியிருந்திருக்கிறது. இரண்டு ரூபாய் நாணயத்தின் தடிமன்கூட இல்லாத இடைவெளி அது. டர்போவைக் கழற்றினால் கம்ப்ரசர் சக்கரத்தின் இறக்கை முனைகள் கத்தியைப் போலத் தேய்ந்திருந்தன.

அதிலிருந்து ஃபில்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் ரப்பர் விளிம்பில் சாக்கட்டிப் பொடி தடவி ஒரு முறை மூடித் திறந்து பார்க்கிறேன். பெட்டியில் முழு வட்டமாகத் தடம் விழ வேண்டும். கடையில் வேறு தயாரிப்பாளரின் ஃபில்டர் வாங்கும்போது இந்தச் சோதனை இன்னும் அவசியம். போஷ், மான், மாலே, டொனால்ட்சன் போன்ற தயாரிப்பாளர்களின் ஃபில்டர்கள் உங்கள் மாடலுக்கென்றே கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். 'கம்பெனி பெட்டியில் வந்தால்தான் ஃபில்டர்' என்று நான் பிடிவாதம் பிடிப்பதில்லை. பயப்பட வேண்டியது போலிகளுக்கு. பழைய ஃபில்டரைக் கையோடு கொண்டுபோய் மடிப்புகளை எண்ணி ஒப்பிடுங்கள். போலியில் மடிப்புக் குறைவாக இருக்கும், இடைவெளி சமமாக இருக்காது, பசை விட்டுவிட்டு ஒட்டியிருக்கும், விளிம்பு ரப்பர் நகத்தால் அழுத்தினால் குழையாமல் விறைப்பாக இருக்கும். உயரம் ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் மேலே சொன்ன கதைதான்.

அடுத்து, சுத்தம் செய்யும் பழக்கம். எங்கள் ஊரில் தூசியில் ஓடிவிட்டு வந்ததும் பஞ்சர் கடையில் நிறுத்தி 'ஏர் அடித்து' மாட்டுவதுதான் வழக்கம். தயவுசெய்து விட்டுவிடுங்கள். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரின் வேகம் காகித இழைகளைப் பிரித்துவிடும். வெளியிலிருந்து உள்ளாக அடித்தால் தூசியை இழைக்குள் குத்தி ஏற்றும். தரையில் தட்டினால் விளிம்பு நசுங்கும். வேறு வழியே இல்லாத நாளில், 30 பி.எஸ்.ஐ.-க்குக் கீழே அழுத்தம் வைத்து, உள்ளிருந்து வெளியே, கையளவு தள்ளிப் பிடித்து அடிக்கலாம். பிறகு இருட்டறையில் உள்ளே பல்பை விட்டுப் பார்க்க வேண்டும். ஊசிமுனை வெளிச்சம் ஒன்று தெரிந்தாலும் அந்த ஃபில்டர் குப்பைக்குத்தான். காகிதத்தின் மேல் கொஞ்சம் தூசி படிந்த பிறகு, அந்தத் தூசி அடுக்கே மேலும் நுண்ணிய தூசியைப் பிடிக்க உதவுகிறது. புதிதாக மாட்டிய ஃபில்டரைவிடச் சில நூறு கிலோமீட்டர் ஓடிய ஃபில்டர் நன்றாக வடிகட்டும். வாராவாரம் அதைத் திறந்து தட்டுகிறவர், அதன் மிகச் சிறந்த நிலையை வாராவாரம் அழிக்கிறார். தவிர, பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மண் சுத்தப் பக்கத்தில் விழ ஒரு வாய்ப்புக் கொடுக்கிறோம்.

அப்படியானால் எப்போது மாற்றுவது? டிராக்டர்களிலும் மண்வாரி இயந்திரங்களிலும் இருக்கும் சிறிய தடை காட்டியை வாங்கிப் பொருத்தலாம். டீசல் இஞ்சினுக்கானது பொதுவாக அதே தண்ணீர்க் கணக்கில் 25 அங்குலத் தடையில், அதாவது சுமார் 6.2 கிலோபாஸ்கலில் சிவப்பைக் காட்டும். பருத்தி ஃபில்டரின் விலையில் ஒரு சிறு பங்குதான். சிவப்பு வரும் வரை பெட்டியைத் தொடவே வேண்டாம்.

டிராக்டரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள இன்னும் நிறைய இருக்கிறது. நாள் முழுவதும் தூசிக்குள்ளேயே உழைக்கும் இயந்திரம் அது. பானெட்டுக்கு மேலே நிற்கும் சுழல் முன்வடிகட்டி, காற்றைச் சுழலவிட்டுக் கனமான தூசியை ஓரத்துக்கு எறிந்து முதலிலேயே பிரித்துவிடுகிறது. உள்ளே பல மாடல்களில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஃபில்டர்கள். உள் ஃபில்டரைச் சுத்தம் செய்யவே கூடாது, மாற்ற மட்டுமே வேண்டும். உருளை வடிவப் பெட்டிகளின் அடியில் வாத்தின் அலகைப் போன்ற ரப்பர் வால்வு ஒன்று தொங்கும். இஞ்சின் மெதுவாக ஓடும்போது அது திறந்து, சேர்ந்த தூசியைத் துப்பும். அதைப் பிதுக்கிப் பார்த்து, அடைபடாமலும் கிழியாமலும் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பழைய ஜீப்புகளில் இருந்த, ஆயில் தொட்டியில் தூசியைப் பிடிக்கும் ஆயில் பாத் வகையும் தன் காலத்தில் நன்றாக உழைத்தது. ஆனால் நுண்தூசியில் காகிதத்தின் அளவுக்கு வராது, வண்டி அதிகம் சரிந்தால் ஆயிலும் இடம் மாறிவிடும்.

மிச்சப் பணத்தை நான் செலவழித்தது உயரத்திலிருந்து காற்றெடுக்கும் குழாயான ஸ்னார்க்கலிலும், அதன் தலையில் பொருத்தும் சுழல் முன்வடிகட்டியிலும்தான். ஸ்னார்க்கல் தண்ணீருக்கு என்றே பலரும் நினைக்கிறார்கள். சக்கரம் கிளப்பும் தூசி அடர்த்தியாக இருக்கும் உயரத்தை விட்டு மேலே போய்க் காற்றெடுப்பது எங்கள் ஊரில் அதன் பெரிய பயன். அதைவிடப் பெரிய பயன் தருவது ஒன்று இருக்கிறது, அதற்குக் காசே வேண்டாம். கூட்டமாகப் போகும்போது முன்வண்டியின் தூசி அடங்கும் வரை தள்ளி ஓட்டுங்கள், அல்லது காற்று வரும் பக்கமாக ஒதுங்கி ஓட்டுங்கள். கடைசியாக வருகிறவரின் ஃபில்டரையும் முதல் வண்டியின் ஃபில்டரையும் மாலையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மண்பாதைப் பைக்குகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. மோட்டோகிராஸ் வகைப் பைக்கில் எண்ணெய் தடவிய நுரை ஃபில்டரே பொதுவான வழக்கம். சேற்றுக்கும் ஈரத்துக்கும் அது தாங்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழுவி எண்ணெய் தடவும் ஒழுக்கம் உள்ளவருக்கு மிக நல்லது.

யாராவது 'என் பருத்தி ஃபில்டர் நன்றாகத்தான் இருக்கிறது' என்று சொன்னால் வாதாடுவதைவிட ஆயிலைச் சோதிக்கச் சொல்லுங்கள். பெருநகரங்களில் உள்ள ஆய்வகங்கள் பயன்படுத்திய இஞ்சின் ஆயிலில் உள்ள தனிமங்களை அளந்து தருகின்றன. மணலில் இருக்கும் சிலிக்கான் உயர்ந்து, கூடவே இஞ்சின் தேய்வதால் வரும் இரும்பும் அலுமினியமும் உயர்ந்திருந்தால் தூசி உள்ளே போகிறது என்று பொருள். சிலிக்கான் மட்டும் உயர்ந்தால் புதிதாகப் பூசிய சீலன்ட் பசையாகவும் இருக்கலாம். நண்பரின் வண்டியில் காகிதத்துக்கு மாறிய பின் அடுத்த ஆயில் மாற்றத்தில் மூன்றுமே இறங்கின. புது வண்டி வைத்திருப்பவர்களுக்கு வாரண்டி என்ற கேள்வியும் இருக்கிறது. வேறு கம்பெனிப் பாகத்தால் தூசி புகுந்தது என்று சொல்லிவிட்டால் இஞ்சின் செலவு நம் தலையில்தான்.

ஐப்பசியில் மழை பிடித்துத் தூசி அடங்கியதும் கவனத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்புகிறேன். ஸ்னார்க்கல் இணைப்புகளையும், பெட்டியின் அடியில் உள்ள வடிகால் துளையையும் பார்க்கிறேன். நனைந்த காகித ஃபில்டரை வெயிலில் காயவைத்து மாட்டுவதில்லை. ஈரத்தில் ஊறிய மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, காய்ந்த பின் விளிம்புப் பசையிலிருந்து விட்டுவருவதைப் பார்த்திருக்கிறேன். அதற்காகவே உறை பிரிக்காத இன்னொரு ஃபில்டர் இருக்கைக்குப் பின்னால் எப்போதும் கிடக்கும்.